கூட்டெழுத்தும் குழந்தையின் கையும்

பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரு சொல்லின் எழுத்துகளை ஒன்றோடொன்று தொடுத்து எழுதுவது கூட்டெழுத்து. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை பள்ளிகளில் இதற்குக் 'கர்சிவ்' என்றே பெயர். தமிழ்நாட்டில் இதற்கென்றே கடைகளில் விற்பது நாலு கோடு நோட்டு. மேலும் கீழும் சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடு, ஆக மூன்று அறைகள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஏறத்தாழப் பாதி நடு அறைக்குள்ளேயே அடங்கிவிடும். எல், ஹெச், கே போன்றவை மேல் சிவப்பை எட்டும். ஜி, ஜே, ஒய் போன்றவை கீழ்ச் சிவப்பு வரை இறங்கும். எஃப் மட்டும் மூன்று அறைகளையும் நிறைக்கும்.

இந்த அறைகளுக்குள் கை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் கூட்டெழுத்து இருக்கிறது. எழுதி முடித்த உருவத்தை மட்டும் பார்த்து, அதைக் குழந்தை சரியாக எழுதியதா என்று சொல்லிவிட முடியாது. ஓ என்ற எழுத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் சுழித்தாலும் எதிர்த்திசையில் சுழித்தாலும் தாளில் வட்டம் ஒன்றுதான். ஆனால் தவறான திசையில் சுழித்த குழந்தைக்கு அடுத்த எழுத்துக்குப் போக வழியிருக்காது. கையசைவு முதலில் வரவேண்டும், உருவம் அதிலிருந்து பிறக்கவேண்டும். குழந்தைகளுக்குக் கூட்டெழுத்துப் பழக்குவதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருபவை.

அச்சடித்தது போன்ற தனியெழுத்து, தொடுத்து எழுதும் கூட்டெழுத்து என இரண்டு முறைகள் பள்ளிக்குள் வந்ததற்கு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேரும் இளைஞரின் முதல் பதவிப் பெயரே 'ரைட்டர்'. 1744இல் ராபர்ட் கிளைவ் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பதவியில்தான். கடிதங்களையும் கணக்குகளையும் ஓயாமல் படியெடுக்கும் அந்த வேலைக்கு, வேகமும் தெளிவும் சேர்ந்த உருண்டைக் கையெழுத்து தேவைப்பட்டது. லண்டனில் ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'யுனிவர்சல் பென்மேன்' அந்தக் கையெழுத்தின் மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட நூல். செதுக்குளி இழுக்கும் மயிரிழைக் கோடுகளையும் சுருள்களையும் இறகுப் பேனாவால் எட்டிப்பிடிக்க எழுதுவோர் முயன்றார்கள். இன்றைய காப்பி நோட்டுகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குத் தலையிலும் காலிலும் காணும் சுருள்கள் அந்தக் காலத்தின் மிச்சம். அழுத்தினால் தடித்தும் விட்டால் மெலிந்தும் எழுதிய கூர்முனை நிப்புக்கு அவை பொருந்தின. பென்சில் பிடிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்காவில் ஆஸ்டின் பாமர் 1890களில் இந்த அலங்காரத்தைக் குறைத்து, அலுவலகத்துக்கேற்ற எளிய கூட்டெழுத்தைப் பரப்பினார். இங்கிலாந்தில் எட்வர்ட் ஜான்ஸ்டன் 1910களில் ஆசிரியர்களுக்கு எடுத்துச்சொன்ன எளிய உரோமானிய வடிவங்களிலிருந்து, குழந்தைகளுக்கான தனியெழுத்து முறை கிளைத்தது. லண்டன் சுரங்க ரயிலின் பெயர்ப்பலகை எழுத்தை வடிவமைத்தவரும் இவரே. இதன் பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகளில், முதலில் தனியெழுத்து, ஏழெட்டு வயதில் கூட்டெழுத்து என்ற இரண்டு கட்ட முறை நிலைத்தது. பிரான்ஸ் அந்த வழியில் போகவில்லை. அங்கே ஆறு வயதுக் குழந்தை முதல் வகுப்பிலேயே கூட்டெழுத்தில்தான் எழுதுகிறது. 8 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடும் செயெஸ் தாள் 1892 முதல் அதற்குத் துணை நிற்கிறது. பின்லாந்து 2016இல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கியது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 2010க்குப் பிறகு அதைக் கைவிட்டன. கலிபோர்னியா 2023 அக்டோபரில் சட்டம் இயற்றி, 1 முதல் 6 வரையிலான வகுப்புகளுக்கு அதை மீண்டும் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரே நடைமுறை இல்லை. ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.யிலேயே கூட்டெழுத்து தொடங்கிவிடும். அடுத்த தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில்தான் வரும். சீக்கிரம் தொடங்கும் பள்ளியே நல்ல பள்ளி என்ற எண்ணம் பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்துக்குக் குழந்தையின் கை துணை நிற்கவில்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டும் குருத்தெலும்புதான். முதல் ஆண்டுக்குள் இரண்டு எலும்பாக இறுகத் தொடங்கும். மற்றவை ஆறேழு வயதுக்குள் ஒவ்வொன்றாகத் தொடங்கும். பட்டாணி அளவிலான கடைசி எலும்பு எட்டு வயதுக்குப் பிறகே தலைகாட்டும். பெண் குழந்தைகளுக்கு இந்த வளர்ச்சி சற்று முந்தி நடக்கும். பென்சிலைப் பிடிக்கும் விதமும் இதேபோலப் படிப்படியாக மாறுகிறது. ஒன்றரை வயதில் கைப்பிடிக்குள் பொத்திப் பிடித்துத் தோளிலிருந்து கிறுக்கும் குழந்தை, மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல்களால் பிடிக்கத் தொடங்கும். அப்போதும் விரல்கள் அசையாது, கை முழுவதுமே நகரும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மடங்கி நிமிர்ந்து பென்சிலை ஓட்டும் பிடி நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் அமைகிறது. கூட்டெழுத்துக்குத் தேவையான சிறு வளைவுகளை இந்தப் பிடியால்தான் போடமுடியும்.

கை ஆயத்தமாகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கீத் பீரி என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த சோதனையில் குழந்தை ஒரு வடிவத்தைப் பார்த்து அதன் கீழே வரையவேண்டும். நெடுங்கோடு, கிடைக்கோடு, வட்டம் ஆகியவை மூன்று வயதையொட்டி வரும். கூட்டல் குறி நாலு வயதில், சதுரம் நாலரையில். சாய்ந்த கோடுகள் அதற்கு முன்பின்னாக வரும். பெருக்கல் குறி ஏறத்தாழ ஐந்தில், முக்கோணம் ஐந்தேகாலில். சாய்கோடுகள் இரண்டையும் சேர்த்து ஒன்பது வடிவங்கள். இந்த ஒன்பதையும் வரையும் குழந்தைக்கே எழுத்துப் பயிற்சி பலன் தரும் என்பது தொழில்வழிச் சிகிச்சை நிபுணர்கள் கொள்ளும் அளவுகோல். முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தை மூடமுடியாத நாலு வயதுக் குழந்தையிடம் நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் நிரப்பச் சொல்வது கொடுமை. அந்தக் குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தும், பத்து எழுத்துக்குள் கை வலிக்கிறது என்று அழும். பின்னாளில் திருத்தக் கடினமான பிடி அப்போதுதான் படிகிறது.

இதற்கு எதிர்வாதமாக மரியா மாண்டிசோரியைக் காட்டுவார்கள். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், நாலு வயதுக் குழந்தைகள் கூட்டெழுத்தில் எழுதினார்கள் என்பது உண்மை. நேர்கோட்டைவிட வளைகோடே குழந்தைக் கைக்கு இயல்பானது என்று அவர் கருதினார். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு முதலில் கிடைத்தது நோட்டு அன்று. உலோகச் சட்டங்களுக்குள் வண்ணப் பென்சிலால் நெருக்கமாகக் கோடு போட்டு விரல்களைப் பழக்கினார்கள். பிடி வைத்த மரத்துண்டுகளை மூன்று விரலால் எடுத்து வைத்தார்கள். பிறகு, பலகையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்துகளைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் எழுதும் திசையிலேயே தடவி, அதன் ஒலியைச் சொன்னார்கள். இவ்வளவும் நடந்த பின்னரே சுண்ணக்கட்டியும் பென்சிலும் வந்தன. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரிக்கு, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அடையாறிலும் கொடைக்கானலிலும் அவர் நேரில் பணியாற்றிய தமிழ்நாட்டில், அவருடைய முறையின் முதல் பாதியை விட்டுவிட்டு நாலு வயதில் கூட்டெழுத்து என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொண்ட பள்ளிகள் இருப்பது வருத்தத்துக்குரியது.

விரலால் எழுதிப் பழகுவது தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிய பிறகுதான் ஏடும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சி. 1789இல் எழும்பூர் இராணுவ ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைக் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் மறுக்கவே, எழுதத் தெரிந்த ஒரு சிறுவனைக் கொண்டு மற்றச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியே மணல் தட்டு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அவருடைய முறைக்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கியது. மணலின் சிறப்பு வெளிப்படையானது. விரலுக்கு உராய்வு தெரியும். பிடி என்ற சுமை இல்லை. தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், தவற்றின் தடம் மிஞ்சாது. ரவை பரப்பிய தட்டு, ஈரமான சிமெண்டுத் தரை, பல்பமும் ஸ்லேட்டும் எல்லாம் இதே பயனைத் தருபவை. வழுக்கும் பிளாஸ்டிக் பலகையும் கைப்பேசித் திரையும் தருவதில்லை, ஏனென்றால் அவற்றில் விரலுக்கு எதிர்ப்பே கிடைப்பதில்லை.

மணலிலும் ஸ்லேட்டிலும் முதலில் எழுதவேண்டியது எழுத்துகளை அன்று, அவை பிறக்கும் கோலங்களை. இங்கிலாந்தின் மரியன் ரிச்சர்ட்சன் 1935இல் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி நூல்கள் இந்த அடிப்படையில் அமைந்தவை. கீழே வளைந்து ஏறும் அலை, மேலே வளைந்து இறங்கும் அலை, தொடர்ந்து ஓடும் சுருள், இடப்பக்கம் சுழலும் வட்டங்களின் வரிசை ஆகியவற்றைப் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால், கூட்டெழுத்துக்கு வேண்டிய அசைவுகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். நாலைந்து வயதில் கூட்டெழுத்துக்காகச் செய்யவேண்டியது இவ்வளவுதான்.

எழுத்துகளுக்குள் நுழையும்போது அகரவரிசை உதவாது. ஆங்கிலத்தின் முதல் எழுத்து என்பதற்காக ஏயில் தொடங்கும் பள்ளிகள் உண்டு. கூட்டெழுத்தில் ஏ எளிதான எழுத்து அன்று. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சை நிபுணர் மேரி பென்பௌ, 26 சிற்றெழுத்துகளையும் அவை பிறக்கும் அசைவை வைத்து நான்கு குடும்பங்களாகப் பிரித்தார். ஒரு குடும்பத்தின் அசைவு கைக்கு வந்தால் அதன் எழுத்துகள் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும் என்பதே இதன் நியாயம். எந்தக் குடும்பத்தை முதலில் எடுப்பது என்பதில் ஆசிரியர்கள் வேறுபடுகிறார்கள். தமிழ் எழுதத் தெரிந்த குழந்தைக்குப் பொருத்தமான தொடக்கம், கீழே வளைந்து ஏறும் குடும்பம். ஐ, யூ, டபிள்யூ, குறுக்குக் கோடு போடும் டி ஆகியவை இதில் வரும். ப, ய எழுதிப் பழகிய கை மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் திரும்பி, மறுபடி ஏறும் அசைவை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. பகரத்தின் மூலைகளை வளைத்து எழுதினால் அது யூவுக்கு மிக அருகில் வந்துவிடும். யகரத்துக்கும் டபிள்யூவுக்கும் உள்ள உறவும் அப்படியே.

அடுத்தது மேல்நோக்கிச் சுருளும் குடும்பம். ஈ, எல் இரண்டும் ஒரே அசைவின் சிறு வடிவமும் பெரு வடிவமும். நடு அறைக்குள் சுருண்டால் ஈ, மேல் சிவப்பு வரை போய்ச் சுருண்டால் எல். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும் குழந்தைக்கு அறைகளின் அளவு தானாகவே பிடிபடும். ஹெச், கே, மேலேறும் பி, எஃப் ஆகியவை இவற்றுக்குப் பின் வரலாம்.

வட்டக் குடும்பத்துக்குத்தான் அதிக நேரம் வேண்டும். சி, ஏ, வட்டத்தில் தொடங்கும் டி, ஜி, க்யூ, ஓ ஆகியவை இதில் அடங்கும். தமிழில் அ, எ, ண, ன போன்ற பல எழுத்துகளில் சுழி சிறியதாக, எழுத்தின் தொடக்கத்தில் வருகிறது. ஆங்கில ஏயிலோ வட்டமே எழுத்தின் உடல். ஏ எழுதும் கையைக் கவனித்தால் ஐந்து கட்டங்கள் தெரியும். மேல் நீலக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, வலப்பக்கத்தில் பென்சில் தொடங்குகிறது. மேல் கோட்டைத் தொட்டு இடப்பக்கமாக வளைந்து இறங்குகிறது. கீழ் நீலக் கோட்டைத் தொட்டுத் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே ஏறி மூடுகிறது. மூடிய புள்ளியிலிருந்து, தூக்காமல், ஏறிய கோட்டின் மேலேயே இறங்குகிறது. கீழ்க் கோட்டில் வலப்பக்கம் வளைந்து பாதி உயரத்துக்கு ஒரு வால் விடுகிறது.

குழந்தைகள் தவறும் இடங்களும் இந்த ஐந்தில்தான். வட்டம் மூடாவிட்டால் ஏ யூவாகிவிடும். இறங்கும் கோடு ஏறிய கோட்டின் மேல் விழாமல் விலகினால் ஓவும் ஐயும் ஒட்டியது போலத் தோன்றும். வட்டத்தைக் கீழேயிருந்து வலப்பக்கமாகச் சுழற்றிய குழந்தை, மூடிய பிறகு பென்சிலைத் தூக்கி ஒரு குச்சியை ஒட்டவைக்கும். இந்தக் கடைசித் தவற்றைத் தாளில் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. எழுதும்போது பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். நூறு ஏ எழுதிய பக்கத்தைத் திருத்தி 'குட்' போடுவதைவிட, மூன்று ஏ எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பன்மடங்கு மேல். அப்போது ஆசிரியர் சொல்லும் சொற்கள் உருவத்தை வருணிப்பதாக இல்லாமல் அசைவை நடத்துவதாக இருக்கவேண்டும். "இடப்பக்கம் வளை, கீழே தொடு, ஏறி மூடு, அதே வழியில இறங்கு, வால் விடு" என்பது போல, எப்போதும் மாறாத ஒரே சொற்களைச் சொல்லவேண்டும். குழந்தையும் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லலாம். சில நாளில் அது முணுமுணுப்பாகி, பிறகு நின்றுவிடும்.

மேலே வளைந்து இறங்கும் என், எம் குடும்பம் கடைசியாக வரும். வி, எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றையும் இதனோடு சேர்ப்பார்கள். ஆர், எஸ் இரண்டும் கூட்டெழுத்தில் தங்கள் தனியெழுத்து உருவத்தையே இழந்து நிற்பவை. இவற்றைத் தனியாக, பொறுமையாக எடுக்கவேண்டும்.

எழுத்துகளைத் தனித்தனியாக அழகாக எழுதும் குழந்தை, சொல் எழுதும்போது தடுமாறுவது வழக்கமான காட்சி. காரணம், தொடுப்பு என்பது தனியாகக் கற்பிக்கவேண்டிய பாடம். பெரும்பாலான எழுத்துகள் கீழ் நீலக் கோட்டில் முடிகின்றன. அவற்றின் வால் ஏறி அடுத்த எழுத்தாகிவிடும். ஆனால் ஓ, வி, டபிள்யூ, மேலேறும் பி ஆகிய நான்கும் மேலே முடிகின்றன. படகைக் குறிக்கும் 'போட்' என்ற ஆங்கிலச் சொல்லில் நாலு எழுத்து, மூன்று தொடுப்பு. பியிலிருந்து ஓவுக்கும், ஓவிலிருந்து ஏக்கும் மேலேயே சிறு தொய்வோடு பாலம் போடவேண்டும். ஏயிலிருந்து டிக்குக் கீழேயிருந்து ஏறவேண்டும். மேல் தொடுப்பு தெரியாத குழந்தை ஓவை முடித்துவிட்டுக் கீழே இறங்கி அடுத்த எழுத்தைத் தேடும், ஓ ஏயாகிவிடும். ஓவுக்குப் பின் ஈ, விக்குப் பின் ஈ ஆகியவை இன்னும் கடினம், ஏனென்றால் ஈயின் தொடக்கக் கோடே அங்கே மாறிப்போகிறது. இந்த இரட்டைகளை மட்டும் தனியே எடுத்து, ஒரு நாளைக்கு ஒன்றாகப் பழக்கினால் போதும். ஆங்கிலேய எழுத்தியல் அறிஞர் ரோஸ்மேரி சசூன், குழந்தைகளுக்கான தனியெழுத்திலேயே எழுத்துகளுக்கு வால் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தி, அப்படியே ஓர் அச்செழுத்தையும் வடிவமைத்தார். தனியெழுத்தில் தொடங்கும் பள்ளிகளுக்கு அவர் காட்டிய வழி சிறந்தது. வாலோடு பழகிய குழந்தைக்குக் கூட்டெழுத்து புதுப் பாடமாக வராது. வால்கள் நீண்டு ஒன்றையொன்று தொடும், அவ்வளவே.

புள்ளிகளின் மேல் எழுதவைக்கும் காப்பி நோட்டுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. இவற்றின் பயன் மிகக் குறைவு. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைச் சிலவற்றைக் கையால் எழுதியும், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் கற்றார்கள். பின்னர் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தபோது, தாமாகக் கையால் எழுதிக் கற்ற எழுத்துகளைக் கண்டபோதுதான் வாசிப்புக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. மேல்வரைதல் அந்தப் பலனைத் தரவில்லை. புள்ளிகளைத் தொடரும் குழந்தையின் கவனம் அடுத்த புள்ளியில் இருக்கிறது, எழுத்தின் வழியில் இல்லை. தொடங்கும் இடத்துக்கு ஒரு பச்சைப் புள்ளியும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் வைத்து ஓரிரு முறை மேல்வரையச் சொல்லலாம். மூன்றாவது முறை மாதிரியைப் பார்த்து எழுதவேண்டும், நான்காவது மாதிரியை மூடிவிட்டு. நினைவிலிருந்து எழுதும் அந்த ஒரு முறைதான் பயிற்சி. பெற்றோர் குழந்தையின் கையைப் பிடித்து எழுதவைப்பதும் மேல்வரைதல் போன்றதே. ஒரு தரம் திசை காட்டப் பிடிக்கலாம், பக்கம் முழுவதும் பிடித்தால் எழுதுவது பெற்றோரின் கைதான்.

பயிற்சியின் நேரம் நாளைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். ஸ்டீவ் கிரஹாம், கேரன் ஹாரிஸ் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கையெழுத்தில் பின்தங்கிய முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு 15 நிமிட அமர்வுகளில் எழுத்துப் பயிற்சி தந்தபோது, கையெழுத்தோடு அவர்கள் வாக்கியம் எழுதும் திறனும் கூடியது. எழுத்தை எப்படி வளைப்பது என்று யோசிக்க வேண்டியிராத குழந்தைக்கு, என்ன எழுதுவது என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. ஒரு வரியில் ஐந்தாறு முறைக்கு மேல் ஒரே எழுத்தை எழுதச் சொன்னால், வரியின் கடைசி எழுத்து முதல் எழுத்தைவிட மோசமாக இருப்பதை எந்த நோட்டிலும் காணலாம். எழுதி முடித்ததும் அந்த வரியில் எது நன்றாக வந்திருக்கிறது என்று குழந்தையையே தேர்ந்தெடுத்து வட்டமிடச் சொல்லவேண்டும். ரப்பரை அப்போது எட்ட வைத்துவிடுவது நல்லது. அழித்து அழித்துக் கறுத்த தாளில் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை.

உட்காரும் விதம் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால், பாதம் தரையில் படவேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்கவேண்டும், நோட்டு சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும், மறு கை நோட்டைப் பிடித்திருக்கவேண்டும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த குழந்தையால் நேராக எழுதமுடியாது. தரையில் சம்மணமிட்டு, சாய்வுப் பலகை வைத்து எழுதும் பழைய வழக்கம் உயரமான பெஞ்சைவிட எவ்வளவோ மேல். பென்சிலைக் கூரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கவேண்டும். விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டுப் பென்சிலும் சிறு சுண்ணக்கட்டியும் மூன்று விரல் பிடியைத் தாமே வரவழைக்கும்.

இடக்கைக் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். வலக்கைக் குழந்தை எழுதிய எழுத்தை விட்டு விலகிக்கொண்டே போகும், இடக்கைக் குழந்தையின் கை எழுதிய எழுத்தை மூடிக்கொண்டே போகும். எழுதியதைப் பார்ப்பதற்காகவே மணிக்கட்டை மேலே வளைத்துக் கொக்கி போலப் பிடிக்கும் பழக்கம் வருகிறது. நோட்டின் மேல் இடமூலை உயர்ந்து, வலப்பக்கம் சாய்ந்திருக்குமாறு வைத்து, பென்சிலை இன்னும் சற்று மேலே பிடிக்கச் செய்தால் கொக்கி தேவைப்படாது. பெஞ்சில் இடக்கைக் குழந்தையை இடது ஓரத்தில் உட்காரவைக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குழந்தையின் முழங்கையோடு நாள் முழுவதும் மோதல்தான். குறுக்குக் கோடுகளை அந்தக் குழந்தை வலமிருந்து இடமாகப் போட்டால் தடுக்கவேண்டாம். வலது கைக்கு மாற்ற முயல்வது எந்தக் காரணத்தாலும் கூடாது.

எழுத்துகளைத் திருப்பி எழுதும் குழந்தைகளுக்குக் கூட்டெழுத்து உண்மையிலேயே உதவுகிறது. தனியெழுத்தில் மேலேறும் பியும் வட்ட டியும் கண்ணாடிப் பிம்பங்கள். கூட்டெழுத்தில் ஒன்று ஏறுகோட்டில் தொடங்கும், மற்றது வட்டத்தில் தொடங்கும், கை குழம்புவதற்கு இடமில்லை. சொல் ஒரே ஓட்டமாக வருவதால் எழுத்துகளுக்கிடையே இடைவெளிச் சிக்கலும் குறையும். வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குத் தொடர்ந்து எழுதும் கூட்டெழுத்தைப் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைப்பது இதனால்தான். ஆனால் முறையாகப் பழக்கிய பிறகும் இரண்டாம் வகுப்பு முடிவில் ஒரு குழந்தைக்கு எழுத்து வசப்படவில்லை என்றால், அது சோம்பலும் பிடிவாதமும் ஆகாது. அந்தக் குழந்தையைத் தொழில்வழிச் சிகிச்சை நிபுணரிடம் காட்டவேண்டும். பத்துத் தரம் எழுதிவரச் சொல்லும் தண்டனை அதன் கையை மேலும் பூட்டிவிடும்.

கூட்டெழுத்தே தனியெழுத்தைவிட வேகமானது என்ற பரவலான நம்பிக்கையும் அப்படியே ஏற்கத்தக்கதன்று. கிரஹாமும் உடன் ஆய்ந்தவர்களும் 1998இல் 4 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களின் கையெழுத்தை ஒப்பிட்டபோது, இரண்டையும் கலந்து எழுதியவர்களே விரைவாக எழுதினார்கள். எளிதாகத் தொடும் இடத்தில் தொடுத்து, கடினமான இடத்தில் பென்சிலைத் தூக்கிவிடும் கை அது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோரின் கையெழுத்தும் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே நாலாம் வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை ஜியையும் ஒய்யையும் தொடுக்காமல் விட்டால் மதிப்பெண் குறைக்கவேண்டியதில்லை. பிறரால் படிக்கமுடிகிறதா, கை வலிக்காமல் எழுதமுடிகிறதா என்ற இரண்டு கேள்விகளே போதுமானவை.

பள்ளிகள் செய்யவேண்டியது அதிகமில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டிலும் நாலு கோடு நோட்டில் கூட்டெழுத்து வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்தவேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் மணலுக்கும் ஸ்லேட்டுக்கும் கோலங்களுக்கும் உரியவை. முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ, ஆசிரியரின் கண்ணெதிரில், நாளைக்குக் கால் மணி நேரம் குடும்பம் குடும்பமாகக் கூட்டெழுத்தைத் தொடங்கலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாளைக்கு எட்டுப் பேரின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குழந்தையும் ஆசிரியரின் பார்வைக்கு வந்துவிடும். பெற்றோரும் நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று கேட்பதை விட்டு, குழந்தை எழுதும்போது ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.